சப்போர்ட்டட்: இந்த ஆங்கிலச் சொல்லைப் புரிந்துகொண்டு சரியாகப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

போனில் ஒரு படத்தைத் திறந்தால் ‘ஆடியோ ஃபார்மட் நாட் சப்போர்ட்டட்’ என்று வருகிறது. இன்சூரன்ஸ் படிவத்தில், கேட்கும் தொகை பில்களால் ‘சப்போர்ட்டட்’ ஆக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் ‘திஸ் வொர்க் வாஸ் சப்போர்ட்டட் பை’ என்று ஒரு வரி நிற்கிறது. மூன்று இடத்திலும் ஒரே சொல்தான். ஆனால் அகராதியிலோ மொழிபெயர்ப்புச் செயலியிலோ போட்டுப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ‘ஆதரிக்கப்பட்ட’ என்ற ஒரே விடை கிடைக்கிறது. பாட்டு கேட்காத ஆடியோவை யார் ஆதரிக்கவில்லை என்று குழம்பிப்போய் உட்கார வேண்டியதுதான்.

இந்தச் சொல்லைப் பிடிக்க மனப்பாடம் தேவையில்லை. எதை எது தாங்குகிறது, எந்த விதத்தில் தாங்குகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பெரும்பாலான இடங்களில் பொருள் பிடிபட்டுவிடும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: அடிப்படைப் பொருளும் உச்சரிப்பும்

லத்தீனில் ‘போர்ட்டாரே’ என்றால் சுமப்பது. ‘சப்’ என்றால் கீழே. கீழிருந்து சுமப்பதுதான் சப்போர்ட். ரயில்வே போர்ட்டர், டிரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட், இம்போர்ட் எல்லாம் இதே குடும்பம்தான். நம்மிடம் இதற்கு நேரான சொல் ‘தாங்கு’. குலை தள்ளிய வாழை சாயாமல் இருக்க ஒரு கழியை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறோமே, அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒன்று இருக்கிறது, கீழே ஒன்று நிற்கிறது, கீழே இருப்பதை எடுத்தால் மேலே இருப்பது விழும். ‘சப்போர்ட்டட்’ என்று எங்கே பார்த்தாலும் இந்த அமைப்பு ஏதோ ஒரு வடிவில் உள்ளே இருக்கும்.

மண்டபத்தின் கூரை கல்தூண்களால் ‘சப்போர்ட்டட்’ என்றால் தூண்கள் தாங்குகின்றன. நேர்ப்பொருள், சிக்கலே இல்லை. ‘மினிமம் சப்போர்ட் பிரைஸ்’ என்பதிலும் இதே பொருள்தான். விளைபொருளின் விலை ஒரு மட்டத்துக்குக் கீழே விழாமல் அடியில் நிறுத்தப்படும் தாங்கல் அது. 1966-67இல் கோதுமைக்குத்தான் முதலில் அறிவித்தார்கள். தமிழில் ‘குறைந்தபட்ச ஆதரவு விலை’ என்றும் ‘ஆதார விலை’ என்றும் எழுதுகிறோம். இரண்டாவதுதான் பொருளுக்கு நெருக்கம் என்பது என் கணிப்பு. விலையை யாரும் ஆதரிக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறார்கள்.

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. எழுத்தில் இரண்டு ‘ப்’ இருந்தாலும் ஆங்கிலத்தில் ஒன்றுதான் ஒலிக்கும். அழுத்தம் நடுவில் உள்ள ‘போர்’ மீது. ‘ட்’ ஒலியில் முடியும் வினை என்பதால் கடைசியில் ஒரு தனி அசை சேர்ந்து ‘இட்’ என்று வரும். வான்ட்டட், நீடட் மாதிரி. ஆக மொத்தம் மூன்று அசைகள். நாம் தமிழ் வழக்கப்படி அழுத்தி ‘சப்போர்ட்டட்’ என்று சொன்னாலும் எல்லாருக்கும் புரியும், அதனால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கடைசி அசையை விழுங்காமல் இருந்தால் போதும். அதை விழுங்கினால் கேட்பவருக்குக் காலம் மாறிப்போகும்.

இரண்டாம் படி: தாங்கும் விதத்தைக் கண்டுபிடியுங்கள்

வாக்கியத்தில் தாங்குவது எது என்று பாருங்கள். அது பணமா, ஆளா, ஓட்டா, சான்றா, மென்பொருளா என்பதைப் பொறுத்துத் தமிழ்ச் சொல் மாறும்.

பணம் என்றால்: ‘ஹி சப்போர்ட்டட் ஹிஸ் ஃபேமிலி’. ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இங்கே ‘குடும்பத்தை ஆதரித்தார்’ என்று எழுதினால், குடும்பத்துக்குள் ஏதோ சண்டை, இவர் ஒரு பக்கம் நின்றார் என்பது போல ஆகிவிடும். ‘மை அங்கிள் சப்போர்ட்டட் மீ த்ரூ காலேஜ்’ என்றால் மாமா படிக்கவைத்தார். ஃபீஸ், ஹாஸ்டல் செலவு எல்லாம் அவர்தான் என்று அர்த்தம். சும்மா தட்டிக்கொடுத்தார் என்பதற்கு இப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசி வரியும் இந்த வகைதான்: இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது இன்ன நிறுவனம். அந்த நிறுவனம் ஆய்வின் முடிவுகளை ஏற்றுக்கொண்டது என்று அந்த வரியில் எந்தப் பொருளும் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் பல செய்திகள் இந்த ஒரு இடத்தில்தான் சறுக்குகின்றன.

ஆள் துணை என்றால்: ‘மை ஃப்ரெண்ட்ஸ் சப்போர்ட்டட் மீ’. நண்பர்கள் கூட நின்றார்கள், கைகொடுத்தார்கள், தைரியம் சொன்னார்கள். இதையே ‘ஐ ஃபெல்ட் சப்போர்ட்டட்’ என்றும் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் தமிழில் வராது. ‘தனியாக இல்லை என்ற தெம்பு இருந்தது’ என்பதுதான் அதன் தமிழ்.

ஒரு கொள்கை, ஒரு அணி, ஒரு வேட்பாளர் என்றால் ‘ஆதரித்தார்’ கச்சிதமாகப் பொருந்தும். அகராதி கொடுத்த சொல்லுக்கு உண்மையான வீடு இங்கேதான். அரசியலில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘சப்போர்ட்டட் த கவர்ன்மென்ட் ஃப்ரம் அவுட்சைட்’ என்றால் அமைச்சரவையில் சேராமல், சபையில் ஓட்டு மட்டும் போட்டுத் தாங்குவது. 1990 நவம்பரில் சந்திரசேகர் பிரதமரானது காங்கிரசின் வெளி ஆதரவில். 1991 மார்ச்சில் அவர் ராஜினாமா செய்தார். 1996இல் வந்த ஐக்கிய முன்னணி அரசும் அப்படித்தான். ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கைக்குப் பிறகு திமுக அமைச்சர்களை நீக்கச் சொன்ன காங்கிரஸ், அது நடக்காததால் 1997 நவம்பரில் ஆதரவை வாபஸ் வாங்கியது, அந்த முன்னணியின் பிரதமர் குஜ்ராலின் அரசு போனது. 2004இல் அமைந்த மன்மோகன் சிங் அரசை இடதுசாரிகள் நான்கு ஆண்டு வெளியிலிருந்து தாங்கினார்கள். அணுசக்தி ஒப்பந்தத்தில் முரண்பட்டு 2008 ஜூலையில் விலகினார்கள். அந்த அரசு மட்டும் வேறு கட்சிகளின் ஓட்டில் நம்பிக்கை வாக்கெடுப்பைத் தாண்டியது. ஒரு கட்சி ‘சப்போர்ட்டட்’ என்று படித்தவுடன் அது ஆட்சியில் பங்கு வகித்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சான்று என்றால்: ‘த க்ளெய்ம் இஸ் சப்போர்ட்டட் பை எவிடென்ஸ்’. சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. இன்சூரன்ஸ் படிவத்தில் வருவது இதுதான், பில் இணைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அறிவியலில் இந்தச் சொல்லுக்குக் கூடுதல் ஜாக்கிரதை தேவை. 1919 மே 29 அன்று நடந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது எடிங்டன் குழு எடுத்த படங்களில், சூரியனுக்கு அருகே வரும் விண்மீன் ஒளி வளைவது தெரிந்தது. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை அது ‘சப்போர்ட்டட்’ என்று எழுதினால் பலம் சேர்த்தது, ஒத்துப்போனது என்று பொருள். ‘ப்ரூவ்ட்’ என்றால் நிரூபித்தது. இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. விஞ்ஞானிகள் முதல் சொல்லை எழுதுகிறார்கள், தலைப்பு போடுபவர்கள் அதை இரண்டாவதாக மாற்றிவிடுகிறார்கள். ‘இந்தக் காய் சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என ஆய்வில் நிரூபணம்’ என்ற தலைப்பைப் பார்த்தால், மூலத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சுற்றுச்சூழல் செய்திகளில் வேறு ஒரு பொருளும் வரும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பறவைகளை ‘சப்போர்ட்’ செய்கிறது என்றால் இடமும் இரையும் தந்து வாழவைக்கிறது. ஒரு கோள் ஒரு காலத்தில் உயிர்களை ‘சப்போர்ட்டட்’ என்றால் உயிர் வாழ ஏற்ற நிலை அங்கே இருந்தது.

மூன்றாம் படி: போன், கம்ப்யூட்டரில் வரும் சப்போர்ட்டட்

நம்மில் பலர் இந்தச் சொல்லைத் தினமும் பார்ப்பது இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தொழில்நுட்பத்தில் இதற்கு மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, ‘இதில் வேலை செய்யும்’. ‘நாட் சப்போர்ட்டட்’ என்றால் இந்தக் கருவியால் அல்லது செயலியால் அந்தக் கோப்பைப் படிக்க முடியாது. கோப்பு கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். எம்எக்ஸ் பிளேயர் என்ற வீடியோ செயலியில் படம் ஓடும், சத்தம் வராது, ஈஏசி3 ஆடியோ ‘நாட் சப்போர்ட்டட்’ என்று காட்டும். அந்த ஒலி வடிவத்துக்கு உரிமம் வாங்க வேண்டிய சிக்கலால் அதைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதே கோப்பை விஎல்சி என்ற இன்னொரு செயலியில் போட்டால் பெரும்பாலும் சத்தம் வந்துவிடும். ஐபோனில் எடுத்து அனுப்பிய படம் பழைய கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றாலும் இதே கதைதான். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. ஜேபிஜியாக மாற்றினால் திறக்கும். அரசு விண்ணப்பத் தளங்களில் ‘சப்போர்ட்டட் ஃபார்மட்ஸ்’ என்று இருந்தால் அந்தப் பட்டியலில் உள்ள வடிவில் மட்டும் ஏற்றுங்கள். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றினால் வடிவம் மாறாது.

இரண்டாவது பொருள், ‘இன்னும் கவனித்துக்கொள்கிறோம்’. ஒரு மென்பொருள் ‘சப்போர்ட்டட்’ ஆக இருந்தால் அதைச் செய்த நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து தருகிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது 2014 ஏப்ரல் 8 அன்று நின்றது, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. ‘நோ லாங்கர் சப்போர்ட்டட்’ என்று செய்தி வந்தவுடன் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நிற்காது, ஓடும். ஆனால் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க யாரும் வர மாட்டார்கள். அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை செய்வதைத் தவிர்ப்பது நல்லது. போன் வாங்கும்போதும் இந்தப் பொருளில் கேளுங்கள்: எத்தனை வருஷம் அப்டேட் வரும்? கூகுள் 2023இல் பிக்சல் 8 முதல் ஏழு ஆண்டு என்றது, சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதையே அறிவித்தது. விலை குறைந்த போன்களில் இந்தக் காலம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது பொருள் விளம்பரங்களில் வருவது: ‘வசதி இருக்கிறது, ஆனால்…’. அந்த ‘ஆனால்’ எழுதப்பட்டிருக்காது. ‘67 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங் சப்போர்ட்டட்’ என்றால் போனால் அந்த வேகத்தில் மின்சாரம் ஏற்றிக்கொள்ள முடியும். சார்ஜர் பெட்டியில் இருக்கிறது என்று அந்த வரி சொல்லவில்லை. அதற்கு ‘இன்க்ளூடட்’ என்ற சொல் இருக்க வேண்டும். ‘இரண்டு சிம் சப்போர்ட்டட், மெமரி கார்டு சப்போர்ட்டட்’ என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். வாங்கிப் பார்த்தால் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே குழிதான், ஒன்றைப் போட்டால் இன்னொன்று கிடையாது. எழுதியது பொய்யில்லை, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டும் என்று அவர்கள் சொல்லவே இல்லை. 5ஜி விஷயத்திலும் இப்படித்தான். 2022 அக்டோபரில் இங்கே 5ஜி வந்தபோது கையில் 5ஜி போன் இருந்தும் பலருக்குச் சிக்னல் வரவில்லை. ஐபோன்களுக்கு அந்த டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2 அப்டேட்டுக்குப் பிறகுதான் திறந்தது. ஆகவே ‘5ஜி சப்போர்ட்டட்’ என்ற வரியோடு நிற்காமல் ‘சப்போர்ட்டட் பேண்ட்ஸ்’ என்ற வரியையும் பாருங்கள், போன் எந்தெந்த அலைவரிசைகளில் வேலை செய்யும் என்று அதில் இருக்கும். ஜியோ, ஏர்டெல் இரண்டுக்கும் என்78 வேண்டும். ஜியோவுக்கு என்28உம் இருந்தால் நல்லது.

கடைக்காரரிடம் கேட்கும்போது ‘சப்போர்ட் பண்ணுமா?’ என்று கேட்டால் ‘பண்ணும் சார்’ என்றுதான் பதில் வரும். ‘பெட்டிக்குள்ளேயே இருக்கா, தனியா வாங்கணுமா? ரெண்டும் ஒரே நேரத்துல போடலாமா?’ என்று கேளுங்கள்.

தமிழ் இடைமுகங்களில் ‘இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை’ என்று போடுகிறார்களே, அதை யாராவது திருத்தினால் புண்ணியம். ‘இந்த வகைக் கோப்பை இதில் திறக்க முடியாது’ என்று எழுதலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

நான்காம் படி: வாக்கியத்தில் போடும்போது

படிப்பது வேறு, எழுதுவது வேறு. எழுதும்போது நமக்கு வரும் தவறுகள் பெரும்பாலும் தமிழிலிருந்து வருபவை. ‘எனக்கு சப்போர்ட் பண்ணினார்’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். அந்தக் ‘கு’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘டு’ ஆகவோ ‘ஃபார்’ ஆகவோ மாறிவிடுகிறது. ‘ஹி சப்போர்ட்டட் டு மீ’, ‘ஷி சப்போர்ட்டட் ஃபார் மை ஐடியா’ இரண்டும் தவறு. நடுவில் எதுவும் வேண்டாம். ‘ஹி சப்போர்ட்டட் மீ’, ‘ஷி சப்போர்ட்டட் மை ஐடியா’. தமிழிலேயே ‘என்னை ஆதரித்தார்’ என்று இரண்டாம் வேற்றுமையில் யோசித்தால் ஆங்கிலம் தானாகச் சரியாக வரும்.

அப்படியானால் ‘டு’, ‘ஃபார்’ எங்கே வரும்? சப்போர்ட் பெயர்ச்சொல்லாக நிற்கும்போது வரும். ‘ஹி கேவ் சப்போர்ட் டு மீ’, ‘சப்போர்ட் ஃபார் த பிளான்’, ‘ஹி ஸ்போக் இன் சப்போர்ட் ஆஃப் மீ’. ‘அவன் எனக்கு சப்போர்ட்டா பேசினான்’ என்பதற்குக் கடைசி வாக்கியம்தான் சரி. ‘ஹி ஸ்போக் சப்போர்ட்டட்’ என்று ஒன்று கிடையாது.

செயப்பாட்டு வினையில் அடுத்து வரும் சிறு சொல் பொருளைத் தீர்மானிக்கும். ‘பை’ வந்தால் தாங்குபவர்: ‘சப்போர்ட்டட் பை ஹெர் பிரதர்’. ‘வித்’ வந்தால் தாங்கப் பயன்படும் பொருள்: ‘சப்போர்ட்டட் வித் எக்ஸாம்பிள்ஸ்’, எடுத்துக்காட்டுகளோடு வலுப்படுத்திய. ‘இன்’ வந்தால் எந்த விஷயத்தில் என்பது: ‘தே சப்போர்ட்டட் மீ இன் ஃபைண்டிங் எ ஜாப்’. ‘த்ரூ’ வந்தால் ஒரு கஷ்டகாலம் முழுக்க. ‘சப்போர்ட்டட் மீ டு ஃபைண்ட் எ ஜாப்’ என்ற வடிவம் பிரிட்டனில் சமூகப்பணித் துறையில் புழங்குகிறது. மற்ற இடங்களில் காதுக்கு இடறும், அதனால் ‘இன்’ போட்டுவிடுவது பத்திரம். ‘தட்’ நேரடியாக வராது. ‘ஹி சப்போர்ட்டட் தட் வீ ஷுட் கோ’ என்று எழுதாமல் நடுவில் ஒரு பெயர்ச்சொல் வையுங்கள்: ‘சப்போர்ட்டட் த ஐடியா தட்’.

காலம் ஒரு முக்கியமான இடம். ‘ஐ சப்போர்ட்டட் சிஎஸ்கே’ என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் ‘இப்போது எந்த அணி?’ என்று கேட்பார். அந்த வாக்கியம் முடிந்துபோன கதையைச் சொல்கிறது. 2008இலிருந்து இன்று வரை என்றால் ‘ஐ ஹாவ் சப்போர்ட்டட் சிஎஸ்கே சின்ஸ் 2008’. அணி தடையில் இருந்த 2016, 2017ஐ மட்டும் பேசும்போது இறந்தகாலம் சரி: ‘ஐ சப்போர்ட்டட் தெம் ஈவன் தென்’. ‘ஐ ஆம் சப்போர்ட்டட் டு சிஎஸ்கே’ என்று சிலர் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்கள்

‘மை ஃபேமிலி இஸ் வெரி சப்போர்ட்டட்’ என்று நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி காதில் விழும். சொல்ல நினைப்பது, என் வீட்டில் எனக்குத் துணையாக இருக்கிறார்கள் என்பது. அதற்கு ‘சப்போர்ட்டிவ்’ வேண்டும். தாங்கும் குணம் உள்ளவர் சப்போர்ட்டிவ், தாங்கப்படுபவர் சப்போர்ட்டட். முக்கியமானதுக்குப் பக்கத்தில் நின்று உதவுவது ‘சப்போர்ட்டிங்’: சப்போர்ட்டிங் ஆக்டர் துணை நடிகர், சப்போர்ட்டிங் டாக்குமென்ட்ஸ் இணைப்பு ஆவணங்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது ‘சப்போர்ட்டட் டாக்குமென்ட்ஸ்’ என்று எழுதாதீர்கள்.

‘ஆட்-சப்போர்ட்டட்’ என்பதைப் பலர் ‘விளம்பரம் ஓடும்’ என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் விளம்பர வருமானம் செலவைத் தாங்குகிறது, அதனால் சந்தா குறைவு அல்லது இலவசம். இப்படிக் கோடு போட்டு இணைத்த சொற்களில் முன்னால் நிற்பதுதான் சுமப்பது. கவர்ன்மென்ட்-சப்போர்ட்டட் என்றால் அரசு சுமக்கிறது. ஆனால் நம் ஊர் ‘அரசு உதவி பெறும் பள்ளி’யை அப்படி எழுத மாட்டார்கள். அதற்கு ‘கவர்ன்மென்ட்-எய்டட்’ என்பதே நிலைத்த சொல். அதேபோல் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிந்தால் ‘செகண்டட்’. ‘சப்போர்ட்டட்’ என்று எழுதினால் பொதுவாக ஆதரித்தார் என்றுதான் ஆகும், கூட்டக் குறிப்பில் அது போதாது.

‘ஹெல்ப்ட்’ உடன் உள்ள வித்தியாசம்: ஒருமுறை பெட்டியைத் தூக்கிக்கொடுத்தால் ஹெல்ப்ட். கொஞ்ச காலம் கூடவே நின்றால் சப்போர்ட்டட். ‘பேக்ட்’ இன்னும் கெட்டியானது, பெயரையோ பணத்தையோ பணயம் வைத்துப் பின்னால் நிற்பது. ‘ஸ்பான்ஸர்ட்’ என்றால் பணம் கொடுத்தவருக்குப் பெயர்ப்பலகை உண்டு.

ஒன்று நம் பக்கமிருந்து. இணையத்தில் ‘முட்டு கொடுக்கிறான்’ என்று சொல்கிறோமே, தவறு என்று தெரிந்தும் விடாமல் தாங்கிப் பேசுவது, அந்தக் கிண்டல் சப்போர்ட்டட் என்ற சொல்லில் கிடையாது. அதை ஆங்கிலத்தில் சொல்ல ‘டிஃபெண்டட்’ போட்டு, முன்னால் ‘ப்ளைண்ட்லி’ சேர்க்க வேண்டியிருக்கும். நம் சொல்தான் சுருக்கம்.

ஆறாம் படி: வேலைக்கான விண்ணப்பத்தில்

ஐடி கம்பெனிகள் நிறைந்த சென்னை ஓஎம்ஆர் பக்கம் ‘டெவலப்மென்ட்டா, சப்போர்ட்டா?’ என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று ஐடியில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் பிரச்சினை வந்தால் அந்தப் புகாரை (இதைத்தான் டிக்கெட் என்பார்கள்) எடுத்துச் சரிசெய்வது சப்போர்ட் வேலை. எல்1, எல்2, எல்3 என்று அடுக்கு, பெரும்பாலும் ஷிஃப்ட். இதில் இருந்தவர் விண்ணப்பத்தில் ‘சப்போர்ட்டட் எ பில்லிங் அப்ளிகேஷன்’ என்று எழுதுவது முழுக்கச் சரி. கூடவே எத்தனை பேர் பயன்படுத்திய மென்பொருள், எந்த வகைப் பிரச்சினைகள் என்று ஒரு வரி சேர்த்தால் படிப்பவருக்கு எடை தெரியும்.

மற்ற துறைகளில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் சிக்கனமாகப் போடுங்கள். ‘சப்போர்ட்டட் த மேனேஜர் இன் ஆடிட்’ என்று எழுதினால் வேலையைச் செய்தது மேனேஜர், நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள் என்றுதான் படிப்பார்கள். முழு ஆடிட்டையும் நீங்கள்தான் முடித்தீர்கள் என்றால் ‘ப்ரிப்பேர்ட்’, ‘ஹேண்டில்ட்’, ‘லெட்’ என்று உள்ளதைச் சொல்லலாம். அடக்கமாக இருக்க வேண்டும் என்று நம் ஆட்கள் ஒவ்வொரு வரியையும் சப்போர்ட்டட் என்று தொடங்குகிறார்கள். ஆனால் செய்யாததைச் செய்ததாக எழுதினால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ள நேரிடும்.

ஏழாம் படி: தமிழாக்கிப் பாருங்கள்

இனி நீங்களே முயலலாம். கீழே உள்ள வாக்கியங்களை முதலில் படித்து, மனதில் தமிழாக்கிவிட்டு, பிறகு பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ‘படு’ சேர்த்த செயப்பாட்டு வினையைக் கூடியவரை தவிர்த்து, யார் தாங்கினார்களோ அவரை எழுவாயாக வையுங்கள்.

‘ஷி வாஸ் சப்போர்ட்டட் பை ஹெர் கிராண்ட்மதர் ஆஃப்டர் ஹெர் ஃபாதர்ஸ் டெத்.’ அப்பா போன பிறகு அவளைப் பாட்டிதான் வளர்த்து ஆளாக்கினார். ‘பாட்டியால் ஆதரிக்கப்பட்டாள்’ என்று யாரும் பேச மாட்டோம்.

‘ஹிஸ் ஸ்டேட்மென்ட் இஸ் நாட் சப்போர்ட்டட் பை த ரெக்கார்ட்ஸ்.’ அவர் சொல்வதற்குப் பதிவேடுகளில் ஆதாரம் இல்லை. அவர் பொய் சொன்னார் என்று இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

‘த ஓல்ட் மேன் வாக்ட், சப்போர்ட்டட் பை ஹிஸ் சன்.’ பெரியவர் மகனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இங்கே தாங்கல் உடம்புக்கு.

‘அன்சப்போர்ட்டட் டிவைஸ்.’ இந்தக் கருவியில் இது வேலை செய்யாது.

‘த மோஷன் வாஸ் வைட்லி சப்போர்ட்டட்.’ தீர்மானத்துக்குப் பலதரப்பிலும் ஆதரவு இருந்தது. நிறைவேறியதா என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை, அதற்கு ‘பாஸ்ட்’ என்று வந்திருக்க வேண்டும்.

‘ஆல் எக்ஸ்பென்சஸ் ஷுட் பி ட்யூலி சப்போர்ட்டட்.’ அலுவலகச் சுற்றறிக்கையில் இதைப் பார்த்துவிட்டு, செலவையெல்லாம் ஆபீஸ் ஏற்றுக்கொள்ளும் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வைக்கச் சொல்கிறார்கள்.